இரண்டு காதும் தெரியணும்

இந்தியா விசாவுக்குப் படம் எடுக்க வருகிறவர்களிடம்
வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன்:
முடியை ஒதுக்குங்க, சிரிக்காதீங்க,
இரண்டு காதும் தெரியணும்.
குதிரைகளிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
மோட்டாரை நிறுத்துமுன்பே
பதினான்கு காதுகளும் என் பக்கம்.

கெலுபி தோட்டம், மூன்றாம் டிவிஷன்.
கிழட்டுச் செம்பனைகளைச் சாய்த்துச் சீவிப் பரப்பி
மறுநடவு செய்த நிலம்.
இருபத்தைந்து வருஷத்துக்கு ஒருமுறைதான்
இங்கே வானம் தரைவரை இறங்கும்.
சிலிம் ரிவரில் பிறந்து வளர்ந்தும்
அந்த மலைத்தொடருக்கு அடிவாரம் இருப்பதை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
கன்றுகள் முழங்கால் உயரம்.
இன்னும் நாலைந்து வருஷம்.
மட்டையோடு மட்டை கோத்து
எல்லாம் மறுபடி இருட்டிவிடும்.

தாப்பா பக்கம் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்த ரிசோர்ட்
கடனில் மூழ்கியபோது, முதலாளி
லாயத்துக் கதவைத் திறந்துவிட்டுப் போய்விட்டார்.
நல்லவரா கெட்டவரா
எனக்கு இன்னும் தெரியாது.
லாயத்திலிருந்து வந்தவை
லயங்களை இடித்த மேட்டில் மேய்கின்றன.
ஒரு துணைக்கால்தான் வித்தியாசம்.
லாடம் கழன்று, சேணத் தழும்பில் மயிர் முளைத்து,
ரிசோர்ட்டில் வைத்த பெயர்களையும்
எங்கோ உதறிவிட்டிருந்தன.

என்னை அனுப்பியவர் உதவி மேனேஜர் ரஸ்லான்.
"அழகு வேண்டாம் காக்,
ஆதாரம் வேண்டும்."
கடித்த கன்று, மிதித்த வரிசை, மொத்தம் எத்தனை தலை.
படத்துக்கு முப்பது வெள்ளி.
எண்ணிக்கையைப் பார்த்து லோரி வரும்.

முதல் நாள் மலைக்குப் பின்னாலிருந்து வெயில் ஏறி
எல்லாம் கறுப்பு உருவம்.
குதிரை என்று சத்தியம் பண்ணலாம்,
நிரூபிக்க முடியாது.
இரண்டாம் நாள் மழை.
காவல் கொட்டகையில் தன்பகதூரோடு
பொட்டலத்து மீகோரெங்.
அவன் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி
ட்லக் என்று ஒரு சத்தம் விட்டான்.
அவன் ஊர்க் கணவாயில்
கோவேறு கழுதைகளுக்குச் சொல்வதாம்.
மழைக்குள்ளிருந்து ஏழும் தலை நிமிர்த்தின.

மூன்றாம் நாள் கிடைத்தது எல்லாம்.
கன்றைப் பிடுங்கி மென்றபடி
கேமராவை நேராகப் பார்த்த செவலை.
குற்றவாளிக்கு இவ்வளவு நல்ல வெளிச்சம்
நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

ஏழாவது, ஒரு கண் பால்வெள்ளையான பெண்குதிரை.
லென்ஸைத் திருப்பும்போதெல்லாம்
அடுத்ததன் விலாவுக்குப் பின்னால் ஒதுங்கியது.
போன வருஷம் இப்படித்தான்,
மாறுகண் தெரியாமல் பக்கவாட்டில் எடுங்கக்கா என்று
பள்ளிக்கூட அட்டைக்கு வந்த திலகமணி அழுதாள்.
விதி விதிதானே.
நேராகத்தான் எடுத்தேன் அவளை.

ரஸ்லான் கேட்டார்: எத்தனை?
ஆறு என்றேன்.

வியாழக்கிழமை லோரி வந்தது.
பலகை சாய்த்து, கயிறு போட்டு, பெயின்ட் தடவி,
ஒன்று, இரண்டு என்று ஆறு வரைக்கும் எண்ணி
கதவைச் சாத்தினார்கள்.
கணக்கு சரி என்று கையெழுத்து.
காப்பாற்றிவிட்டேன் என்று
அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

இரவு தன்பகதூர் போன் பண்ணினான்.
"கூப்பிடுது, அக்கா."
"யாரை?"
அவன் பதில் சொல்லாமல் போனை வெளியே நீட்டினான்.

மறுநாள் சாயங்காலம் போனேன்.
அவ்வளவு பெரிய வெளியில்
ஒற்றையாக நின்றுகொண்டிருந்தது.
ஒதுங்க இன்னொரு விலா இல்லை.
எனக்கு நேர் எதிராக,
வெள்ளைக் கண்ணும் தெரிய.
கேமரா கழுத்தில் தொங்கியது, மூடி கழற்றாமல்.
ட்லக் என்று சொல்லிப் பார்த்தேன்.
என் நாக்குக்கு அந்தச் சத்தம் சரியாக வரவில்லை.

இரண்டு காதும் தெரிந்தன.
ஒன்று என் பக்கம்.
மற்றது, லோரி போன
சடக்கின் பக்கம்.