தொப்பூர் இறக்கம், தொண்ணூறு ரூபாய்

காரிமங்கலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில்,
பர்கூர் ஷூ கம்பெனி நைட் ஷிஃப்ட் இல்லாத இரவுகளில்,
நான் ஒரு பஸ் செய்தேன்.
இரும்பில்லை. ரப்பரில்லை.
பதினோராயிரம் முக்கோணங்கள்,
பச்சையில் மஞ்சள் மின்னல் ஓடும் பக்கவாட்டு,
பின்கண்ணாடியில் முனியப்பன் துணை,
அதற்குக் கீழே ஓனரின் மகள்கள் பெயர்.
தாரணியை தாரனி என்று எழுதியிருந்தார்கள்.
அதையும் அப்படியே வைத்தேன்.

நாலரை மாதம்.
ஹாரனுக்கு மட்டும் ஆறு நாள்
அகரம் பிரிவில் போனை நீட்டிக்கொண்டு நின்றேன்.
டிரைவர் திம்மராயன் ஐந்தாம் நாள் சிரித்தார்.
ஆறாம் நாள் எனக்கென்றே
இரண்டு முறை அழுத்திவிட்டுப் போனார்.

விளையாட்டில் இறக்கி ஓட்ட, விலை தொண்ணூறு.
பணம் வந்தால் பாஸ்வேர்டு போகும்.
ஒருவருக்கு ஒன்று, பகிரக் கூடாது,
மீறினால் நடவடிக்கை.
என்ன நடவடிக்கை என்று எனக்கே தெரியாது.
கீழே என் பெயர்: தில்லைக்கரசி.

நாற்பத்தொரு பேர் வாங்கினார்கள்.
நாற்பத்திரண்டாவது ஆள் உடைத்தான்.
பென்னாகரத்துப் பையன், ப்ளஸ் டூ,
கடைத்தேங்காயை எடுத்து
வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கை.
போன் போட்டுத் திருடா என்றேன்.
"கேம் உங்களுதாக்கா?" என்றான்.
"பஸ்ஸாவது உங்களுதா?"

அன்றிரவுதான் படித்தேன்,
ஒப்புக்கொள்கிறேன் என்று
என்றோ அழுத்திவிட்டுப் போன அந்த உரிமத்தை.
பிரிவு ஏழு, உட்பிரிவு மூன்று:
பயனர் உருவாக்கும் அனைத்தும்
நிறுவனத்துக்கே உரியவை,
அண்டம் முழுவதிலும், என்றென்றைக்கும்.

அண்டம் முழுவதிலும்!
செவ்வாயில் என் பஸ் ஓடினாலும்
வசூல் அவர்களுக்கு.
விற்க வேண்டுமென்றால் எழுத்துப்பூர்வ அனுமதி.
மூன்று முறை எழுதிக் கேட்டேன்.
மூன்று முறையும் வந்தது ஒரே பதில்:
உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமானது.

சரி, அவர்கள் அப்படி.
நான்?

பஸ்ஸோடு சேர்த்து விற்ற தொப்பூர் ரோடு
நான் போட்டதில்லை.
கூழாங்கல் என்ற பெயரில் யாரோ போட்டது.
அதோடு ஒரு உரைக்கோப்பு இருந்தது:
எடுத்துக்கோ. மாத்திக்கோ. விக்காதே.
பேரை மட்டும் விட்டுவை.

இடம் அடைக்கிறது என்று அழித்திருந்தேன்.
இரண்டு கேபி.

மூன்றாம் வளைவில், தடுப்புக் கம்பியில்,
அவர் ஒரு சாமந்தி மாலை கட்டியிருந்தார்.
விளையாட்டுக்கு அது தேவையே இல்லை.
புள்ளி இல்லை, பரிசு இல்லை,
மோதினால்கூட ஒன்றும் ஆகாது.
ஒவ்வொரு பூவையும் தனித்தனியாகச் செய்திருந்தார்.
யாருக்கு என்று கேட்டு எழுதினேன்.
இரண்டு வருடமாக அந்தக் கணக்கில்
ஆள் நடமாட்டம் இல்லை.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில், டீக்கும் டைமிங்குக்கும் நடுவில்,
திம்மராயன் கையில் போனைக் கொடுத்தேன்.
ஓட்டினார். "பிரேக் இவ்ளோ நல்லா பிடிக்காதும்மா."
மூன்றாம் வளைவில் தானாகவே செகண்டுக்கு வந்தார்,
ஹாரன் இரண்டு முறை.
தன் சத்தம் தனக்கே கேட்டு நிமிர்ந்தார்.
"இதுல எனக்கு எவ்ளோ?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.
டீக்குக் காசு நான் கொடுத்தேன்.

ராத்திரி தொண்ணூறை அழித்தேன்.
கரண்ட் பில் ஞாபகம் வந்தது.
அறுபது என்று போட்டேன்.
ரோட்டைப் பிரித்துத் தனியே வைத்தேன், பூட்டில்லாமல்,
உரைக்கோப்போடு, பெயரோடு.
திம்மராயனுக்கு என்ன செய்வதென்று
இன்னும் தெரியவில்லை.

பென்னாகரத்துப் பையன்
மறுபடியும் பஸ்ஸை உடைத்திருக்கிறான்.
இறக்கிப் பார்த்தேன்.
என் பெயர் இருக்கிறது.
பின்கண்ணாடியில் மட்டும்
தாரனியைத் தாரணி ஆக்கியிருக்கிறான்.

யாரைக் கேட்டுடா மாத்தினே என்று
தட்டச்சு செய்துவிட்டு,
அனுப்பாமல் உட்கார்ந்திருக்கிறேன்.