பத்து கிலோவுக்குக் கீழே

செண்பகராமன்புதூர் விலக்கில்
எங்கள் எடைமேடைக்குப்
பத்து கிலோவுக்குக் கீழே எதுவும் தெரியாது.
அன்று பிறந்த ஆட்டுக்குட்டி ஏறி நின்றாலும்
சிவப்பு எண்கள் அசையாது.

பங்குனிக் கடைசி, காலை ஆறேகால்.
ஏசுவடியானின் டாரஸ் ஏறியது.
சல்லி இல்லை. முழுப் பாறைகள்.
களியக்காவிளை தாண்டிப் போய்க்
கடலுக்குள் விழப்போகிறவை.
தார்ப்பாய் போடவில்லை,
அதனால்தான் தெரிந்தது:
இரண்டு பாறைக்கு நடுவே
ஒரு செடி, பூத்தபடி.

நீலம்.
கடலின் நீலமில்லை,
நாள் முழுக்க ரசீது கிழிக்கும் என் விரலில்
கார்பன் தாள் விட்டுப்போகும் நீலம்.
கொப்பு நுனியில் இல்லை பூ.
கட்டையிலேயே, பட்டையைக் கீறிக்கொண்டு,
கணுவுக்குக் கணு
அப்பி வைத்ததுபோல.

காயா, என்றேன்.
காசாங்கம்பு, என்றான்.
மம்பட்டிக்குக் கணை போட்டால்
ஆள் ஓய்வான், கணை ஓயாது.
பெருமாளுக்குச் சொல்லும் நிறம் இது என்று
ஏசுவடியானிடம் நான் சொல்லவில்லை.

தோவாளைச் சந்தை பக்கத்தில்தான்.
பிச்சிக்கு விலை உண்டு, அரளிக்கும் உண்டு,
இதை யாரும் தராசில் வைத்ததில்லை.
பறித்தால் மதியத்துக்குள் கொட்டிவிடும்.
பொத்தையின் வடக்குச் சரிவில்
களாவுக்கும் சூரைக்கும் இடையே,
பாறைச் சந்தில் ஒரு கை மண்ணில் நின்றது.
கணவாய்க் காற்றுக்குக் காற்றாலைகள் வருமுன்பே
குனியப் பழகியது.
போன வருஷம் இங்கிருந்தே பார்ப்பேன்,
சரிவில் ஒரு மை கொட்டிய இடம்.
இப்போது அந்த இடத்தில்
வானம் இருக்கிறது.

பிடுங்கித் தாறேன், வச்சிக்கிடுங்க என்று
டயரில் கால் வைத்து ஏறினான்.
இழுத்தான். திருகினான்.
ஒரு கை இலை வந்தது. வேர் வரவில்லை.
கல்லின் வெடிப்புக்குள் போயிருந்தது,
எவ்வளவு தூரமென்று
கல்லை உடைத்தால்தான் தெரியும்.
விடு, என்றேன்.

மொத்த எடை நாற்பத்தேழாயிரத்து அறுநூற்று இருபது.
பொருள் என்ற கட்டத்தில்
கருங்கல் என்று எழுதினேன்,
மூன்று நகலிலும் விழும்படி அழுத்தி.

லாரி இறங்கியது. எண்கள் பூஜ்யமாயின.
வெறும் மேடைக்கு மேலே
இரண்டு தேனீக்கள்
சுற்றிக்கொண்டே இருந்தன.
அடுத்த வண்டி ஹார்ன் அடித்தது.