குடுவாயிக்கு மாம்பழம் ஆகாது

சந்தூரில் ஏற்றிய மூன்றரை டன் பெங்களூரா
கூழ் ஃபேக்டரிக்கு வெளியே, இரண்டாம் இரவு.
டோக்கன் இருநூற்றுப் பதினாலு.
எனக்கு முன்னால் திம்மராயனின் டிராக்டர்.
அதற்கும் முன்னால் பர்கூர் ரோடு நெடுக
சிவப்பு விளக்குகள்.

போனில் சார்ஜ் முப்பத்தொன்று.
சதுப்பில் புல் அசைந்தது.
வலையை வீசினேன், மூன்று குலுக்கல்,
அகப்பட்டாள்.
வேரையே காலாக்கி நடக்கிற பச்சைக் குடுவை.
தலைக்கு ஒரு மூடி, மூடிக்கடியில் தேன்,
தேனுக்கடியில் அமிலம்.

ஜப்பான்காரன் வைத்த பெயர் வாயில் நுழையவில்லை.
வேறு பெயர் சூட்ட எட்டெழுத்துக்கு இடம் இருந்தது.
குடுவாயி என்று அடித்தேன்.
நமக்கு அது நாலெழுத்து.
துணைக்காலையும் மேல்விலங்கையும்கூடத்
தனித்தனியாய் எண்ணி
எட்டு, சரி என்றது விளையாட்டு.
எங்கள் எடைமேடை
ஒருநாளும் இப்படிக் கூட்டி எண்ணியதில்லை.

அவள் தலைமேல் பசிக்கோடு சிவந்தது.
பையிலிருந்த பழத்தை நீட்டினேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று
இங்கிலீஷில் ஒரு வரி ஓடியது.
தனியாகச் சிரித்தேன்.
அந்த உலகத்திலும்
மாம்பழத்துக்கு ஆள் இல்லை.

ஏழாம் வகுப்பில் கேட்டார்கள்:
சில செடிகள் பூச்சியைத் தின்பது ஏன்?
இரண்டு மதிப்பெண்.
திமிர், என்று எழுதிவிட்டு வந்தேன்.
மண்ணில் சத்து போதாததால், என்று
சிவப்பு மையில் திருத்தி வந்தது.
அடிப்பெட்டிகள் நசுங்கிச் சாறு ஒழுகித்
தார்ரோட்டில் ஈ மொய்க்கிற இந்த நேரத்தில்
அது ஞாபகம் வருகிறது.
மன்னித்துக்கொள், குடுவாயி.

பின் லாரி கிளீனர் சலபதி, குப்பத்துப் பையன்,
கதவைத் தட்டினான்.
"அண்ணா, அது மாட்டிருச்சா உனக்கு?
கல் ஆமை தரேன், மாத்திக்கலாமா?
லெவல் முப்பதுல இது பெருசாவும்ணா.
வாய் மட்டும் ஆள் உயரம்.
ஆனா அப்புறம் நடக்காது.
ஒரே எடத்துல வேர்விட்டு நின்னுக்கும்,
வாசம் மட்டும் விடும்.
வர்றது வந்துக்கிட்டே இருக்கும், அதான் பவரு."

மூன்று மணிக்கு கேட் திறந்தது.
நாற்பது வண்டி உள்ளே.
மூடியது.
காய்ச்சிய கூழின் இனிப்பு
கந்திகுப்பம் வரைக்கும் போயிருக்கும்.
உள்ளே போனவை பாடி காலியாக வெளியே வந்தன.
ஓட்டியவர்கள் கையில் ஒரு சீட்டு,
பணம் பிறகு.
பகலில் கிலோ எட்டு என்றவர்கள்
இப்போது ஐந்தரை என்கிறார்களாம்.

கல் ஆமை நல்ல ஆமைதான்.
மாட்டேன் என்றேன்.

விடியுமுன்பே முப்பதைத் தொட்டாள்.
திரை வெளுத்தது, உடம்பு ஊதத் தொடங்கியது,
கால்கள் ஒவ்வொன்றாய்த் தரையில் இறங்கின.
நிறுத்து என்பதை அமுக்கினேன்.
குலுங்கிப் பழையபடி ஆனாள்.
மறுபடி ஒளி.
மறுபடி அமுக்கினேன்.

திம்மராயன் இறங்கி ஒன்றுக்குப் போய்விட்டு வந்தான்.
யாரிடமும் எதுவும் சொல்லாமல்
டிராக்டரை ஒடித்துத் திருப்பினான்.
வாகான ஓடை எங்கே இருக்கிறது என்று
அவனுக்குத் தெரியும்.
அவன் டிரெய்லர் என்னைத் தாண்டும்போது
ஒரு காய் உருண்டு விழுந்தது.

முன்னால் ஒரு வண்டி இடம்.
பின்னால் சலபதி வண்டியின் ஹாரன்.
சாவியைத் திருகினேன்.
இருபதடி நகர்ந்தேன்.
அணைத்தேன்.

திரையில் குடுவாயி
வலது வேரை எடுத்து வைக்கிறாள்,
இடது வேரை எடுத்து வைக்கிறாள்,
போக இடமில்லாத அந்தச் சின்னச் சதுரத்தில்.
நிஜ ஈ ஒன்று வந்து
அவள் வாயோரம் உட்கார்ந்து
முன்கால்களைத் தேய்த்துக்கொண்டது.

சார்ஜ் நாலு.