பதினோரு கிளாஸ்

லெக்ட் மலைச்சாலையில் பனி விழுந்தால்
இரும்புக் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.
கேட்டுக்கு இந்தப் பக்கம்
கடைசி விளக்கு என் மதுக்கடை.

கலப்பதில் வித்தை ஒன்றுமில்லை.
விஸ்கி மூன்று பங்கு,
பச்சை இஞ்சி ஒயின் இரண்டு.
ஐஸ் கேட்பவர்களுக்கு
ஜன்னலைத் திறந்து காட்டுவேன்.

நவம்பரில் ஒருநாள், விடியாத நாலு மணிக்கு,
பனி தள்ளும் லாரிக்காரன் ஸ்ட்ரூவன்
புருவமெல்லாம் சாலை உப்போடு வந்து நின்றான்.
"ஒரு விஸ்கி மேக்."
ஊற்றினேன்.
கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைப் போல
இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.
மூக்கருகே கொண்டுபோய் ஒரு மூச்சு,
நீளமாக.
பிறகு என் பக்கம் நகர்த்தினான்.
பக்கத்தில் காசு.
"வண்டி ஓட்டணும், இஷ்பெல்.
கணக்கு வை."

கதவு அடித்துக்கொண்டது.
அவன் கலப்பைக்குப் பின்னால்
மெல்ல ஊர்ந்து போனது
மருத்துவச்சி காத்ரியோனாவின் சின்னக் கார்.
மலைக்கு அந்தப் பக்கம் யாருக்கோ இடுப்புவலி.

கிளாஸ் அப்படியே இருந்தது.
கொட்ட மனம் வருமா?
இஞ்சி தொண்டையில் ஏறி
யாரது என்று அதட்டும்.
பின்னாலேயே விஸ்கி வந்து
நம்ம ஆள்தான், விடு என்னும்.

இப்படியே ஆறு, ஏழு.
பிப்ரவரியில் ஓர் இரவு
நாலு மணிக்கு அவன் வரவில்லை.
ஐந்துக்கும் இல்லை.
கேட்காமலே ஊற்றி வைத்தேன்.
துடைத்த மேசையையே துடைத்தேன்.
ஆறரைக்கு வந்தான், ஒரு கையில் கட்டு.
ஆறிப்போன கிளாஸை
மற்ற கையால் பொத்திக்கொண்டான்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
அன்று காசு வாங்கவுமில்லை.

ஏப்ரலில் கேட்டைத் திறந்து கட்டினார்கள்.
பஸ்ஸில் வந்து இறங்கினான்,
முகம் மழித்து, டை கட்டி,
யாரோ போல.
"எனக்குப் பதினொன்று இருக்கிறது."
இஞ்சி தின்ற குரங்காய் நின்றேன்.
அலமாரியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"எப்படி இருந்தது?"
"எது?"
"என் பதினொன்றும்."
"ஒன்பதாவதில் இஞ்சி கொஞ்சம் தூக்கல்" என்றேன்.

ஒன்று ஊற்றிக் கொடுத்தேன்.
ஒரே மடக்கு.
கண்ணில் நீர் வர இருமினான்,
டை ஒரு பக்கம் போனது.
"இதுவா இது?"
மிச்சத்தை மோந்து பார்த்தான், நீளமாக,
என் பக்கம் நகர்த்தினான்.
காசை வைத்தான்.

பஸ்ஸுக்கு இன்னும்
இருபது நிமிடம் இருந்தது.