அமைதியாக இருந்தார்

மே மாதம், பதினொன்றரை மணி.
விருதம்பட்டில் தார் செருப்பைப் பிடித்து இழுக்கும் நேரம்.
கேட்டுக்கு வெளியே அதிகாரி, பின்னால் ஓட்டுநர்,
அவர் கக்கத்தில் கோப்பு.
மணி அடித்துவிட்டார்கள்.

நான் திறக்கவில்லை.
திறக்கிறவர் கஜபதி.
வாடகைப் பத்திரத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது,
கழுத்துக் கயிற்றில் சாவி இருக்கிறது.
ஆனால் அதற்கு முன்னால்
அடுப்பைப் பார்க்க வேண்டும்,
குழாயைப் பார்க்க வேண்டும்,
இம்தியாஸ் அறை மின்விசிறி மூன்றில்தான் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.
நடுவில் யாராவது பேசிவிட்டால்
மறுபடி அடுப்பு.

"யாரும்மா உள்ள?" என்றார் அதிகாரி.
மறுபடி அடுப்பு.

நான் வாயைத் திறக்காமல்
ஜன்னல் வழியே கையால் கும்பிட்டேன்.
பாலாற்றுப் பக்கமிருந்து மணலோடு வந்த காற்று
அவர் புடவையில் ஒரு கை வைத்துவிட்டுப் போனது.

அந்தக் கோப்பில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.
உணவு. கழிவறை. படுக்கை விரிப்பு. மருந்து அலமாரியின் பூட்டு.
போன வருடம் முழு மதிப்பெண்.
பதிவேட்டைப் புரட்டி, "அமைதி, அமைதி, அமைதி"
என்று விரலால் தொட்டுக்கொண்டே போனார்,
நல்லா வெச்சிருக்கீங்க என்றார்.

அதில் ஒரு அமைதி
ஜூன் மாதத்து அமைதி.
ஞாயிறு ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்குப் போய்விட்டாள்,
மூவாயிரம் கூட.
(கஜபதி எங்களை முதலில் பார்த்த கிழமையால் கூப்பிடுவார்.
நான் வியாழன். இரவுக்கு வரும் தேவநேசம் அண்ணன் செவ்வாய்.)
மூன்று பேருக்கு நான் ஒருத்தி, இரண்டாவது ஷிஃப்ட்.
மிக்ஸி போட்டேன்.
அவர் தலையைச் சுவரில் மோதினார்.
அறைக்குள் விட்டு
வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.
சட்னி அரைக்க மூன்று நிமிடம் ஆகும்.
தாழ்ப்பாள் நாற்பது நிமிடம் இருந்தது.

திறந்தபோது
போர்வையை மடித்துக்கொண்டிருந்தார்,
இனி மடிக்க முடியாத அளவுக்கு.
'காலை அமைதியாக இருந்தார்' என்று எழுதினேன்.
கையெழுத்து அழகாகவே வந்தது.

இப்போது மிக்ஸி பொத்தான் அவர் விரலில்.
காதில் பஞ்சு, பத்து வரை எண்ணுவார், அழுத்துவார்,
ஏழிலேயே நிறுத்தியும் விடுவார்.
தேங்காய் பல்லில் படும்.
படட்டும்.

பதினொன்று முப்பத்தேழுக்குக் கதவு திறந்தது.
அதிகாரி முகத்தில் வெயில் முழுதாக ஏறியிருந்தது.
கஜபதி அவரைப் பார்க்கவில்லை, அவர் தோளுக்கு மேலே பார்த்துக் கேட்டார்:
"நீங்க இன்னா கிழமை?"

"இன்னைக்கா? செவ்வாய்."

"செவ்வாய் இருக்காரு. நாளைக்கு வாங்க."

ஓட்டுநர்தான் முதலில் சிரித்தார்.
அதிகாரி என்னைப் பார்த்தார், சொல்லும்மா என்பதுபோல.
அவர் வீடு மேடம், என்றேன்.
என் குரல் நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது.

நிழலில் செருப்பைக் கழற்றி நின்றார்.
கஜபதி யோசித்தார். கயிற்றைச் சுற்றினார்.
"செவ்வாய் ரெண்டு" என்று வழிவிட்டார்.

குறிப்புரையில் எழுதிப் போனார்கள்:
'கதவு திறப்பதில் தாமதம். ஊழியர் கவனிக்கவும்.'
அடியில் கையெழுத்துப் போட்டேன்.
பிறகு எங்கள் பதிவேட்டில் எழுதினேன்:
'கஜபதி கதவு திறந்தார்.'
அமைதி என்று எழுத இடம் இருந்தது, விட்டுவிட்டேன்.

இரவு சோற்றுத் தட்டோடு கேட்டார்:
"ஞாயிறு வருமா?"

வரும் என்றால் நான் பொய்.
வராது என்றால் காலண்டர் பொய்.

நாளைக்குச் சட்னியா, சாம்பாரா என்று
பேச்சை மாற்றினேன்.
அவர் மாற்றவில்லை.