பதினேழாம் வளைவில் சிக்னல் இல்லை

ஏழாவது கொண்டை ஊசி வளைவில் போன் அடித்தது.
மணி ஐந்து நாற்பது.
மொபெட்டில் தண்ணீரோடு பின்னால் வரும் எபனேசர்
எடுத்துப் பார்த்து 'டெல்லி' என்றான்,
யாரோ செத்துப்போனதைச் சொல்லும் குரலில்.

நடையை நிறுத்தாமல் வாங்கினேன்.
'மதேஷ்வரிஜி?'
என் பெயரில் இல்லாத எழுத்தையெல்லாம் போட்டு
ஓர் அம்மா பேசினார். கேம்ப்பில் கற்ற இந்தியில்
பாதி புரிந்தது.
தொடக்க விழாவில் கொடி பிடிக்க ஐந்து பேர் பட்டியல்.
ஒருவர் மேல் வழக்கு.
ஒருவருக்கு முதுகு.
ஒருவருடைய ஸ்பான்சர் வேறு நிறச் சட்டை கேட்கிறாராம்.
மிச்சம் நானும்
துப்பாக்கி சுடுகிற ஓர் ஆறடிப் பையனும்.
'மலை, பழங்குடி, பெண்.
உங்களுக்கு எல்லாம் பொருந்துகிறது.
ஏழு மணிக்குள் சொல்லுங்கள்.'

பொருந்துகிறது என்றால்
ரெடிமேட் ஜாக்கெட் பொருந்துகிற மாதிரியா?
இதைக் கேட்க எனக்கு இந்தி போதாது.

விழா இரவு எட்டுக்கு.
என் இருபது கிலோமீட்டர் மறுநாள் காலை ஏழரைக்கு.
நடுவில் நாலு மணி நேரம் நிற்க வேண்டும்.
நடக்கிறவளுக்கு நிற்பதுதான் விஷம்.
கெண்டைக்கால் கல்லாகிவிடும்.
அதை மறுநாள் எந்த நாடு வந்து பிடித்துவிடும்?

ஒன்பதாவது வளைவில் வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.
பத்தாவதில் குரங்குகள்
தடுப்புச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து
அணிவகுப்புக்குக் காத்திருப்பதுபோல் பார்த்தன.

பதினொன்றில் எபனேசர்
எங்கோ கிடந்த மூங்கில் கழியில்
என் பச்சைத் துண்டைக் கட்டி நீட்டினான்.
'சும்மா பிடிச்சுப் பாரு.'
எதிரே இறங்கிய முட்டை வேன்காரர்
தலையை வெளியே நீட்டி,
'எந்தக் கட்சிம்மா?' என்றார்.

எனக்குக் கையில்தான் நடை என்று
அப்போதுதான் தெரிந்தது.
இரண்டு கையும் கழியில் இருக்க
இடுப்பு ஆட மறுத்தது. முழங்கால் தன்பாட்டுக்கு மடங்கியது.
நடுவர்கள் யாராவது நின்றிருந்தால்
மூன்று சிவப்பு அட்டையும் அந்த நூறு மீட்டரிலேயே.
காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி
நடந்தேன், சாதாரணமாக.
எத்தனை வருடம் ஆயிற்று இப்படி நடந்து.

காந்தி மைதானத்தில் என் முதல் மாவட்டப் போட்டி.
கேலரியில் பையன்கள்
'வாத்து, வாத்து' என்று கத்தினார்கள்.
தட்டுவடை செட் விற்றவர்கூடச் சிரித்தார்.
வெள்ளி வாங்கினேன். அதைவிட
அந்தச் சிரிப்புதான் கூடவே வந்தது,
பெங்களூருக்கு, பாட்டியாலாவுக்கு,
டிவியில் என்னைப் பார்த்த சித்தியின் வீட்டுக்கு.

எண்பதாயிரம் பேர் இருக்கிற இடத்தில்
ஒரு சுற்று.
இடுப்பைப் பார்க்காமல்
என்னைப் பார்ப்பார்கள்.

பதினைந்தில் மூடுபனி.
கீழே சேலம் இன்னும் விளக்கை அணைக்கவில்லை.
பதினாறில் நின்றேன்.
பயிற்சியில் நான் நிற்பதே கிடையாது.
எபனேசர் ஒன்றும் கேட்காமல் வண்டியை ஓரம் கட்டினான்.
பதினேழில் போனை எடுத்தேன்.
ஒரு கோடுகூட இல்லை.
கழியோடு சேர்த்து அதையும் மேலே தூக்கிப் பார்த்தேன்.

பத்தொன்பதில் சிக்னல் வந்தபோது
ஏழு தவறிய அழைப்புகள், ஒரு செய்தி.
தொடர்புகொள்ள முடியவில்லை.
பையனின் பெயரை அறிவித்துவிட்டோம்.
உங்கள் போட்டிக்கு வாழ்த்துகள்.

'நல்லதாப் போச்சு' என்றேன்.
'நீ என்ன சொல்ல இருந்தே?'
'வேண்டாம்னுதான்.'
எபனேசர் தலையாட்டினான்.
வேர்வை துடைக்கத் துண்டை அவிழ்க்கக் கை நீட்டினான்.
நான் கொடுக்கவில்லை.

சில்வர் ஓக் மரங்களிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது.
இருபதாம் வளைவு தாண்டி
ஏரி தெரியும் இடம்வரை
முழங்காலை அதன் இஷ்டத்துக்கு மடக்கி நடந்தேன்.

பயிற்சி நோட்டில் அன்றைக்கு
கடைசி மூன்று கிலோமீட்டருக்கு
நேரம் எழுதவில்லை.