நாலு துளை

திருமங்கலத்தில், மூடிப்போன பஞ்சாலையின் கிட்டங்கி.
ஞானதிரவியம் தார்ப்பாயை உருவினார்.
பல்லி ஒன்று குதித்து ஓடியது.
இரண்டும் ஆஸ்டின்.
ஒன்று முப்பத்தெட்டாம் வருஷத்து டென்,
மற்றது நாற்பத்தொன்பதின் ஏ-நாற்பது.
"இங்குட்டு நிக்கிறது போருக்கு முந்தி,
அங்குட்டு நிக்கிறது போருக்குப் பிந்தி.
சனிக்கிழமைக்குள்ள சொல்லிருங்க டாக்டரம்மா,
மிச்சமாகுறத கோயமுத்தூர்க்காரர் எடுத்துக்கிடுவார்."

முப்பத்தோரு வருஷம்
பெரியாஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்தவள் நான்.
பிறர் மூச்சை எண்ணியே பென்ஷன் வாங்கியவள்.
எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பேன்.

டென்னுக்குக் கைப்பிடி செருகிச் சுற்றினார்
நெல்பேட்டை பீர்முகம்மது.
மூன்றாவது சுற்றில் இருமி
எழுந்து
தன் பெயர் என்னவென்று கேட்பதுபோல் திகைத்து
பிறகு சீரானது.
ஏ-நாற்பது அப்படியில்லை.
குமிழை இழுத்ததும் கிளம்பிவிட்டது,
ஷிப்டுக்கு நேரமாகிவிட்ட ஆள் மாதிரி.

கப்பலூர் வரைக்கும் இரண்டையும் ஓட்டினேன்.
டென்னுக்குப் பிரேக்கெல்லாம் கம்பி.
டோல்கேட்டில் நிற்க வேண்டுமென்றால்
மில் வாசலிலேயே மனசைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும்.
ஏ-நாற்பதுக்கு முன்சக்கரத்தில் எண்ணெய்,
பின்சக்கரத்தில் இன்னும் கம்பி.
புதுசைப் பாதிதான் நம்பியிருக்கிறார்கள்.
அந்த அரை மனசு எனக்குப் பிடித்திருந்தது.

ரயில்வே கேட் சாத்தியிருந்தபோது
டென்னைச் சுற்றி ஏழெட்டு செல்போன்.
கல்யாண ஊர்வலத்துக்கு வாடகை என்ன என்று கேட்டார்
மினி லாரிக்காரர்.
ஏ-நாற்பதில் நின்றபோது
ஒருத்தர் மட்டும் எட்டிப் பார்த்தார்:
"பழைய அம்பாசிடரா?"
ஆமாம் என்றேன்.
அந்தப் பொய்யில் ஒரு சுகம்.

ஆனாலும் மனசு டென்மேல்தான்.
ஊசி ஏறுவதற்கு முந்தின நிமிஷத்தில்
எத்தனையோ முகங்களில் பார்த்திருக்கிறேன்,
இன்னும் ஒன்றும் நடந்துவிடாத
ஒரு தெளிவு.
முப்பத்தெட்டில் செய்த வண்டிக்கு
அந்த முகம் இருக்குமென்று நினைத்துக்கொண்டேன்.

அடியில் படுத்திருந்த பீர்முகம்மது கூப்பிட்டார்.
குனிய முடியாமல் ஒருக்களித்துப் பார்த்தேன்.
பின்சட்டத்தில் வரிசையாக நாலு துளை.
கையால் போட்டது, பிசிறோடு.
"கரி கேஸ் அடுப்பு மாட்டுன துளைம்மா.
பெட்ரோலு ரேஷன்ல இருந்தப்ப
முதுகுல அடுப்பச் சுமந்துக்கிட்டு ஓடியிருக்கு."
விளக்கின் விளிம்பை நகத்தால் சுரண்டினேன்.
உள்மடிப்பில் கறுப்பு மை,
இருட்டடிப்பு நாளில் பூசியது.

முந்தியது என்று சொல்லப்பட்டது
முழுசாக உள்ளே போய்த்தான் வந்திருக்கிறது.
பிந்தியதோ
புகையே பார்க்காத பிள்ளை.
நிக்கல் தட்டுப்பாட்டில் மெலிசாகப் பூசிய பம்பர்
உரிந்திருப்பதைத் தவிர
அதற்கு ஒன்றும் தெரியாது.

இனி டென்னைத்தான் எடுத்திருப்பாள் என்பீர்கள்.
வலது முட்டி மாற்றிப் பதினெட்டு மாசம் எனக்கு.
கம்பிப் பிரேக் முழுக்காலையும் கேட்கிறது.

ஏ-நாற்பதுக்கு அட்வான்ஸ் ஐம்பதாயிரத்து ஒன்று.
அந்த ஒற்றை ரூபாய்க்குப் பையைத் துழாவி
பீர்முகம்மதிடம் கடன் வாங்கினேன்.
ரசீது எழுதும்போது சொன்னேன்,
"அந்த நாலு துளையை அடைக்க வேண்டாம்னு
கோயமுத்தூர்க்காரர்கிட்ட சொல்லுங்க."
ஞானதிரவியம் பேனாவை மூடினார்.
"துளை இருக்குன்னதுமே கேட்டுட்டாரும்மா,
வெல்டிங்குக்கு எவ்வளவு குறைப்பீங்கன்னு."

வெளியே வந்தேன்.
டென் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது,
யாரும் அணைக்கவில்லை.
பழக்கதோஷம்,
எண்ணத் தொடங்கினேன்.